களத்திற்கு முந்திய கஞ்சி

விளையாட்டு வீரரின் உணவைப் பற்றிய பேச்சு இக்காலத்தில் விரைவிலேயே ஒரு பேணியில் வந்து நின்றுவிடுகின்றது. மயிலிட்டியில் என்னிடம் உதைபந்தாட்டம் பழகும் இளைஞருள், "சேர், எந்தப் புரதமா நல்லது?" என்று கேளாதவர் அரியர். அதற்கு விடை கூறுமுன் நானும் ஒரு கேள்வி கேட்பதுண்டு: "காலமை என்ன சாப்பிட்டனீ?" பெரும்பாலும் வரும் மறுமொழி, "தேத்தண்ணி குடிச்சனான் சேர், ரெண்டு பிஸ்கற்றும்" என்பதே.

ஓடும் தசைக்கு முதல் எரிபொருள் புரதமன்று; தசையிற் சேமிக்கப்பட்ட கிளைக்கோசனே. 1966 இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பேர்க்ஸ்ரோமும் ஹல்ற்மனும் இதனைத் தம் கால்களிலேயே சோதித்தனர். ஒரே சைக்கிளின் இரு பக்கமும் அமர்ந்து, ஆளுக்கொரு காலால் மிதித்துக் களைத்தனர். பின்னர் மாப்பொருள் நிறைந்த உணவை உண்டு, ஊசியால் இரு கால்களினின்றும் தசைத்துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, உழைத்த காலில் மற்றதைக் காட்டிலும் இரு மடங்கிற்கு மேல் கிளைக்கோசன் சேர்ந்திருக்கக் கண்டனர். உழைப்பு, அதன் பின் உண்ணும் சோறு என்னும் இரண்டும் கூடியே தசையை நிரப்புகின்றன என்பது இதனாற் புலனாயிற்று.

இந்த ஒழுங்கு எங்கள் கரையோர வீடுகளுக்குப் புதிதன்று. என் ஐயா மாலையில் வலையுடன் கடலுக்குப் புறப்படுமுன் வயிறாரச் சோறுண்பார். வள்ளத்தில் உப்பிட்ட கஞ்சித்தண்ணீர் கூடவே போகும். விடியலிற் கரையேறியபின் பிட்டும் சூடைமீன் குழம்பும் காத்திருக்கும். முன்னே மாப்பொருள், இடையே உப்பும் நீரும், பின்னே புரதத்துடன் மீண்டும் மாப்பொருள். பயிற்றுநர்களுக்கு இன்று கற்பிக்கப்படும் பாடத்தின் எலும்புக்கூடு இதுதான். குளுக்கோசும் சோடியமும் ஒருங்கே சேரும்போது சிறுகுடல் நீரை விரைந்து உறிஞ்சுகின்றது. 1965 இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் உருவாகிய கற்றறேட் பானமும், பின்னர் வங்காளதேசத்தில் வயிற்றோட்டத்திற்குப் பயன்பட்ட அரிசிக்கஞ்சிக் கரைசலும் இவ்வுண்மையையே பற்றி நிற்பவை.

1990 யூனில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. மல்லாகம் கோணப்புலம் முகாமில் அரிசி, மா, பருப்பு, சீனி ஆகியவை பங்கீடாகக் கிடைத்தன, கடல் கிடைக்கவில்லை. விடியற்காலை அடுப்பில் ஏறியது தேநீர்க் கேத்தில் மட்டுமே. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டு வள்ளங்கள் திரும்பியபோதும், முகாமிற் பழகிய அந்தத் தேநீர்க் காலை எங்கள் வீடுகள் பலவற்றில் அப்படியே தங்கிவிட்டது. இன்று களத்திற்கு வரும் பிள்ளைகள் முகாமிற் பிறந்தோரின் பிள்ளைகள். அவர்களுக்குப் பேணியை அல்ல, காலை உணவையே முதலில் மீட்டுக் கொடுக்கவேண்டியிருக்கின்றது.

பழையன யாவும் நன்று என்று நான் வாதிடவில்லை. ஒடியற்கூழில் மா, மீன், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எனச் சத்தனைத்தும் உண்டு. ஆயினும் நாரும் உறைப்பும் மிக்க அக்கூழை ஆட்டத்திற்கு முன் குடித்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் அமரவேண்டியதுதான். அது பின்மாலைக்குரியது. ஆட்டத்திற்கு மூன்று மணித்தியாலம் முன்னதாகச் சோறோ இடியப்பமோ வாழைப்பழமோ போதும். ஓடும்போது தண்ணீர் குடிக்கலாகாது என்று எங்களை அதட்டிய பழைய பயிற்றுநர்களின் விதியையும் நான் கைவிட்டுவிட்டேன். பயிற்சிக்கு முன்னும் பின்னும் பையன்களை நிறுக்கின்றேன். ஒரு கிலோ குறைந்தவன் ஒன்றேகால் முதல் ஒன்றரை இலீற்றர் வரை, அதுவும் சிறுகச் சிறுக, குடித்தல் வேண்டும். உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே ஓட்டம் தளரத் தொடங்கும்.

இனிப் பேணிக்கு வருவோம். கடுமையாகப் பயிலும் அறுபது கிலோ நிறையுள்ள இளைஞனுக்கு நாளொன்றுக்கு வேண்டிய புரதம் 72 முதல் 120 கிராம் வரை. நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் உண்டு. முட்டை, பருப்பு, பயறு, பால் எஞ்சியதைத் தரும். புரதமா நஞ்சன்று. ஆனால் வள்ளத்துக்கு எண்ணெய் கடனாக வாங்கும் வீட்டில், மகனின் பேணிக்காகத் தாய் சீட்டுப் பணத்தை எடுப்பதைக் கண்டபின் அதனைப் பரிந்துரைக்க என் நா எழுவதில்லை.

வலைப்பந்தாட்டம் பழகும் பெண்பிள்ளைகளின் நிலை வேறு. மாதந்தோறும் இரும்புச்சத்தை இழப்பவர்கள் அவர்களே. வீட்டில் மீனின் நடுத்துண்டு தமையனுக்கும் வால்துண்டு தங்கைக்கும் போவதும் வழக்கமே. சென்ற பெற்றோர் கூட்டத்தில் இதனைக் கூறியபோது தந்தையர் நிலத்தை நோக்கியிருந்தனர். பின்வரிசையிலிருந்த ஓர் அம்மா மட்டும், "எனக்கும் அந்தத் துண்டுதான் சேர்" என்றார்.