பெயரில்லாத முகங்கள்

ஆண்டு விழாவுக்காக நாம் ஒரு நூல் செய்தோம். ஆத்தூர் வட்டாரத்தில் நாம் பணியாற்றும் பள்ளியின் மாணவர்களைப் படம் பிடித்து, பளபளக்கும் தாளில், மேசையை நிறைக்கும் அளவில் அச்சிட்ட நூல். பார்த்தோர் பாராட்டினர், நாமும் பூரித்தோம். அந்தப் பூரிப்பு அடங்குமுன்னே, கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் ஒருவன் நூலை ஏந்தி வந்தான். நடுப்பக்கத்தை விரித்துக் காட்டினான்.

“சார், இதுல என் பேரு எங்க?”

பார்த்தோம். பரிசு பெற்ற மாணவர் படங்களின் கீழெல்லாம் பெயர் இருந்தது. மலையூர்ப் பிள்ளைகள் எழுவர் ஆடிய படத்தின் கீழ் ‘மலைவாழ் மாணவர்’ என்ற இரண்டே சொற்கள்! எழுதியது வேறெவருமல்லர், நாம். சாதி ஒழிக என்று மேடையில் முழங்கும் நாம்தான்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கல்லூரி நாளில், மின்வடிவில் நாம் புரட்டிய பழைய நூலொன்று நினைவில் எழுந்தது. மீண்டும் எடுத்துப் பார்த்தோம். ‘இந்தியாவின் மக்கள்’ என்பது அதன் பெயர். ஃபோர்ப்ஸ் வாட்சன், ஜான் வில்லியம் கே என்னும் இருவர் பதிப்பித்து, 1868 முதல் 1875 வரை இலண்டனில் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது.

குற்றம் கூறுமுன் குணம் கூறுதல் முறை. படத்தை அப்படியே நூலில் அச்சிடும் வழி பரவாத காலம் அது. முட்டை வெண்கரு பூசிய தாளில் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே எடுத்து, பக்கத்திற்குப் பக்கம் ஒட்டினர். படங்கள் 460க்கு மேல், படிகள் 200. தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை ஒட்டிய உழைப்பு அது! முகங்களோ, உயிருள்ள முகங்கள். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் நம்மை நேருக்கு நேர் நோக்கும் கண்கள். அமைப்பில் அழகு உண்டு, மறுப்பதற்கில்லை.

ஆனால், படத்தின் கீழே பாருங்கள்! இனத்தின் பெயர், மதத்தின் பெயர், ஊரின் பெயர். ஆளின் பெயர் எங்கே? மன்னர்க்கும் பெருந்தலைவர்க்கும் உண்டு. மண் சுமப்பவனுக்கும் மாடு மேய்ப்பவனுக்கும் பெரும்பாலும் இல்லை. அவன் மனிதனாக அங்கே நிற்கவில்லை, மாதிரியாக நிறுத்தப்பட்டிருக்கிறான். அருகே குணச்சான்று வேறு: இந்த இனம் பணிவுடையது, அந்த இனம் நம்பத்தகாதது என்று! ஒருவன் முகத்தைக் காட்டி ஓராயிரம் பேரின் ஒழுக்கத்தை உரைப்பது எந்த அறிவியல்?

தலைமை ஆளுநர் கானிங்கும் அவர் துணைவியாரும் நினைவுக்காகத் திரட்டத் தொடங்கிய படங்கள், 1857 எழுச்சிக்குப் பின் அரசின் அலுவலாயின. அச்சான 200 படிகளில் பாதி அரசின் பயனுக்கே ஒதுக்கப்பட்டது. ஆளப்படுவோரை அறிந்துகொள்ள ஆள்வோர் செய்த நூல் அது. படத்தில் நின்றவன் அதைப் புரட்டிப் பார்ப்பான் என்று எவரும் எண்ணவில்லை.

ஒருவர் பார்த்தார். 1869இல் இலண்டன் சென்ற சையது அகமது கான், தம் மைந்தர்களுடன் இந்தியா அலுவலகத்தில் அந்நூலைக் கண்டார். மைந்தர் மகமூது அதைப் புரட்டும்போது ஆங்கில இளைஞன் ஒருவன் அணுகி, “நீர் இந்துஸ்தானியா?” என்று வினவினான். ஆமென்ற மகமூது நாணிச் சிவந்தார். உடனே, தாம் பழங்குடியினர் அல்லர், தம் முன்னோர் வேறு நாட்டிலிருந்து வந்தோர் என்று விளக்கமும் தந்தார். தந்தையே இதைக் கடிதத்தில் எழுதி வைத்தார்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! இழிவுபடுத்தியவனை அவர் எதிர்க்கவில்லை. தமக்குக் கீழே ஒருவனைக் காட்டித் தாம் தப்ப முயன்றார். வெள்ளையன் செய்த படநூலுக்கு இந்த நோய் புதிதன்று. அதற்கு நெடுங்காலம் முன்பே நாம் வளர்த்த நோய் அது. படிக்கட்டு நம்முடையது, படம் மட்டுமே அவனுடையது.

எட்டாம் தொகுதி வெளிவந்த மறு ஆண்டு, 1876இல், பெரும் பஞ்சம் வந்தது. 1871இல் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரமாக இருந்த நம் சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1881இல் 16 இலட்சமாகச் சரிந்தது. அந்நூலுக்குப் படம் தந்தவர்களுள் ஒருவரான ஹூப்பர் என்னும் படை அலுவலர், எலும்பும் தோலுமான மக்களை வரிசையாக அமர்த்திப் படம் பிடித்தார். அவர்களுக்கும் பெயரில்லை. 1909இல் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் ஏழு தொகுதிகளில் அடுக்கினார். மூக்கை அளந்தார், தலையை அளந்தார். ‘மலையாளிகள்’ என்று வழங்கப்படும் நம் மலைவாழ் மக்களும் அதில் உண்டு. நம் மாணவனின் பாட்டன் அளக்கப்பட்டானோ என்னவோ. பேரனுக்கு நாமே அடையாளச் சீட்டு ஒட்டிவிட்டோம்.

பெரிய படநூலை எடைபோடும் அளவுகோல் தாளின் தரமா, மையின் மினுக்கா? அல்ல. படத்தில் இருப்பவன் அந்நூலைத் தன் வீட்டுக்குக் கொண்டுசென்று, தாயிடம் காட்டித் தலைநிமிர்வானா என்பதே. அந்தக் கோலால் அளந்தால் எட்டுத் தொகுதியும் தோற்கும். நம் நூலும் தோற்றது.

மறுநாள் எழுவரையும் அழைத்தோம். “தவறு எம்முடையது” என்றோம். பெயரோடு ஊரையும் தம் கையாலேயே எழுதினர். அதை அச்சிட்டு, எல்லாப் படிகளிலும் அவர்களோடு அமர்ந்து ஒட்டினோம். ஒட்டு வெளியே தெரிகிறது. தெரியட்டும், நம் தவறும் தெரியவேண்டும் அன்றோ?

தோழர்களே, உங்கள் படிப்பகம் வெளியிட்ட மலரை இன்றிரவு எடுத்துப் பாருங்கள். மாலை சூடிய தலைவர் பெயர் இருக்கும். பந்தற்கால் நட்ட தோழனின் பெயர் இருக்கிறதா?