பதினாறும் ஒன்றும்

1988 ஜனவரி, பொங்கல் சமயம். சேப்பாக்கத்துல வெஸ்ட் இண்டீஸோட கடைசி டெஸ்ட். ஹெய்ன்ஸ், ரிச்சர்ட்ஸ்னு பேரைக் கேட்டாலே பவுலருக்கு வயித்தைக் கலக்குற கூட்டம். சீரிஸ்ல நாம 0-1னு பின்னாடி. அந்த நேரத்துல கண்ணாடி போட்ட 19 வயசுப் பையன் ஒருத்தனை இறக்கி விட்டாங்க. நரேந்திர ஹிர்வானி, மத்தியப் பிரதேசத்து லெக் ஸ்பின்னர். அதுதான் அவருக்கு முதல் டெஸ்ட்.

முதல் இன்னிங்ஸ்ல 61 ரன்னுக்கு 8 விக்கெட். ரெண்டாவதுல 75-க்கு 8. மொத்தம் 136-க்கு 16! 1972-ல லார்ட்ஸ்ல ஆஸ்திரேலியாவின் பாப் மாசி தன் முதல் டெஸ்ட்ல 137-க்கு 16 எடுத்திருந்தார். அதைவிட ஒரே ஒரு ரன் கம்மி. அறிமுக டெஸ்ட்ல இன்னிக்கும் இதுதான் உலக சாதனை.

பிட்ச் பம்பரமா சுத்துச்சுங்கறது உண்மைதான். கபில்தேவ் 109 அடிச்சுக் கொடுத்தார். அதே மேட்ச்ல அறிமுகமான நம்ம டபிள்யூ.வி.ராமன் ரெண்டாவது இன்னிங்ஸ்ல 83. கிரண் மோரே மேட்ச்ல 6 ஸ்டம்பிங், அதுல 5 ஒரே இன்னிங்ஸ்ல (அதுவும் உலக சாதனை). இறங்கி அடிச்சு மிரட்டிடலாம்னு வந்தவங்க க்ரீஸுக்குத் திரும்பவே இல்லை. 255 ரன்ல ஜெயிச்சு சீரிஸை சமன் பண்ணினோம்.

அப்பா அப்போ காலேஜ். திருவண்ணாமலை தேரடி வீதி டீக்கடை ரேடியோவுல கமெண்டரி கேட்டதை இப்பவும் சொல்வார். கதை எப்பவும் ஒரே இடத்துலதான் முடியும்: "அப்புறம் ஆளே காணாமப் போயிட்டான்ப்பா."

கணக்கும் அப்படித்தான் சொல்லுது. முதல் 4 டெஸ்ட்ல 36 விக்கெட். அடுத்த 13 டெஸ்ட்ல 30. 1996-க்கு அப்புறம் டெஸ்ட் வாய்ப்பே இல்லை.

எனக்கு இந்த 'அப்புறம்' மேல ஒரு கடுப்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே நான் எழுதின ஒரு மாட்யூலுக்கு அவார்டு கிடைச்சுது. அதுலேர்ந்து ஒவ்வொரு அப்ரைசல்லயும் "அந்த மாதிரி இன்னொண்ணு எப்போ?" வீட்டுலேர்ந்து வேலை பார்க்க ஊருக்கு வந்தா எதிர்வீட்டு மாமாவும் அதையே கேட்கறார் :-) நடுவுல ஆறு வருஷமா ராத்திரி கண்முழிச்சு சரிபண்ணின பக்-கையெல்லாம் யார் எண்ணினாங்க?

அதனாலதான் ஹிர்வானியோட இன்னொரு மேட்ச் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1990, ஓவல். இங்கிலாந்து ஃபாலோ-ஆன் ஆகி டிராவுக்காக ஆடுது. பிட்ச்ல ஒண்ணுமில்லை. ஹிர்வானி ஒரே முனையிலேர்ந்து, இடைவேளைகள் தவிர நிறுத்தாம, 59 ஓவர் போட்டார். கிடைச்சது 137 ரன்னுக்கு 1 விக்கெட்.

சேப்பாக்கத்தைவிட ஒரே ஒரு ரன் அதிகம், பதினஞ்சு விக்கெட் கம்மி. மேட்ச் டிரா. அதை எந்த டீக்கடையிலயும் யாரும் கதையாச் சொல்றதில்லை.

கிரிவலம் போறவங்களுக்குத் தெரியும். கிளம்பும்போது ஜோர்தான். அடி அண்ணாமலை தாண்டினதும் கால் கெஞ்ச ஆரம்பிக்கும். 14 கிலோமீட்டர்ல மிச்சத்தை நடக்க வைக்கிறது வேற ஏதோ.

பந்து திரும்பற பிட்ச்ல 16 எடுத்தது திறமை, கொஞ்சம் அதிர்ஷ்டமும் கூட. திரும்பாத பிட்ச்ல 59-வது ஓவருக்கும் பந்தைக் கையில வாங்கினாரே, என்னைக் கேட்டா அவர் காணாமப் போகலைன்னுதான் சொல்வேன். நாமதான் பார்க்கறதை நிறுத்திட்டோம்.