நகலும் அமானிதமே

கோரிப்பாளையத்தில் எமது மதரஸாவின் தொழுகை நேர இணையதளம் ஒரு லினக்ஸ் சர்வரில் இயங்குகிறது. ஒரு ரமளானில் அதன் வட்டு பழுதடைய, ஸஹர் நேரம் பார்க்க வந்தோர் வெறுந்திரையைக் கண்டனர். பக்கங்களின் நகல் எம்மிடம் இருந்தது. சர்வரை இயக்கும் அமைவுக் கோப்புகளின் நகலோ அதே வட்டில் இருந்தது, வட்டோடு போயிற்று. நினைவிலிருந்து அவற்றை எழுத மூன்று இரவுகள் சென்றன.

யமாமா போரில் ஹாஃபிழ்கள் பலர் ஷஹீதானபின், உமர் (ரலி) வலியுறுத்த, அபூபக்கர் (ரலி) குர்ஆனை ஒன்றுதிரட்டச் செய்தார்கள்; உஸ்மான் (ரலி) பிரதிகளைப் பல நகரங்களுக்கு அனுப்பினார்கள். ஆண்டுதோறும் இதைப் போதிக்கும் நாமே படிப்பினை பெறத் தவறினோம்.

இப்போது வெள்ளிதோறும் ‘இடிசி’ கோப்புறையை ‘டார்’ கட்டளையால் ஒரே கோப்பாக்கி வேறொரு கணினியில் வைக்கிறோம். மாதமொருமுறை விரித்தும் சரிபார்க்கிறோம். பாதுகாப்பவன் அல்லாஹ், பேணுவது நம் கடமை.