கையெழுத்துக்கு மேலே உள்ள வரிகள்

அச்சடித்த தாளை நீட்டி “இங்கே ஒரு கையெழுத்து” என்றால் நம்மில் பலர் போட்டுவிடுகிறோம். ‘படித்துப் புரிந்துகொண்டேன்’ என்று அதற்கு மேலேயே அச்சாகியிருக்கும். யார் படித்தது?

1963இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரக் காவலர்கள், கடத்தல், பாலியல் வன்முறைப் புகாரில் எர்னெஸ்டோ மிராண்டா என்பவனைப் பிடித்தார்கள். ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாதவன். இரண்டு மணி நேர விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தான். தன் சட்ட உரிமைகளை முழுதாக அறிந்தே இதைச் சொல்வதாக அந்தத் தாளில் முன்கூட்டியே அச்சிட்டிருந்தார்கள். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் அவனிடம் எவரும் சொல்லவில்லை.

1966 ஜூன் 13 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அந்த வாக்குமூலத்தைத் தள்ளியது. பேசாமலிருக்க உனக்கு உரிமை உண்டு, பேசினால் அது உனக்கே எதிராகும், வழக்கறிஞர் உடனிருக்கலாம், வசதியில்லையென்றால் அரசே அமர்த்தும்: காவலில் வைத்து விசாரிக்கும் முன் இவற்றைச் சொல்லியாக வேண்டும். தீர்ப்பை எழுதிய ஏர்ல் வாரன், பல ஆண்டுகள் அரசுத் தரப்பில் நின்று குற்றவாளிகளுக்குத் தண்டனை வாங்கித் தந்தவர். காவல் நிலையத்தின் உள்ளறை அவருக்குத் தெரியாததல்ல.

கெட்டவனுக்கு இவ்வளவு சலுகையா என்று அன்றே பலர் கொதித்தார்கள். மிராண்டா நல்லவன் என்று நானும் வாதாட வரவில்லை. அந்த வாக்குமூலம் இல்லாமலே 1967இல் மறுபடி வழக்கு நடந்தது, சிறைக்குத்தான் போனான். குற்றத்தை நிரூபிக்க வேறு சாட்சியம் தேடும் உழைப்பைத்தான் நீதிமன்றம் காவலர்களிடம் கேட்டது. அது நியாயம் என்பேன். அதிகாரம் கையில் உள்ளவன்தான் முதலில் வாய் திறந்து எதிராளியின் உரிமையைச் சொல்ல வேண்டும். தெரிந்திருக்கும் என்று அவனாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

நம் நாட்டிலும் 1978இல் நந்தினி சத்பதி வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இந்தத் தீர்ப்பைத் துணைக்கு அழைத்தார். நந்தினி ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சர். விசாரணையில் பதில் சொல்ல மறுத்ததற்காக வழக்கு! முதலமைச்சராக இருந்தவரே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்றால், கூலி வேலைக்குப் போகும் பையன் எங்கே போவான்?

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்: கைதுக்கான காரணத்தை அறியவும், விரும்பிய வழக்கறிஞரைக் கலக்கவும் நம் அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு உரிமை தருகிறது. இலவசச் சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100.