எந்தப் பக்கம் திரும்பணும் சார்?

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு ஒரு சோதனை காத்திருக்கும். எல்லா ரோடும் நேர் ரோடு. இரண்டு பக்கமும் மரம். மரத்துக்குப் பின்னால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி குவார்ட்டர்ஸ். வட்டத்துக்கு நம்பர், ரோட்டுக்குப் பேர், வீட்டுக்கு நம்பர் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். இருந்தாலும் இருட்டிய பிறகு கல்யாணப் பத்திரிகையும் கையுமாக வருகிற விருந்தாளி ஒரே ரோட்டை மூன்று தரம் சுற்றுவார். கடைசியில் சைக்கிளில் போகிற யாரையாவது நிறுத்தி, "சார், இது எத்தனாவது வட்டம்?" என்று கேட்பார். இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்குச் சிரிப்பு வரும். "அதான் போர்டுல போட்டிருக்கே!"

போர்டு வைத்தவருக்கு வழி முன்பே தெரியும். படிக்கிறவருக்குத் தெரியாது. வம்பே இங்கேதான் ஆரம்பம்.

ஊருக்குள் வழி தவறினால் கடைசிப் பந்தியில் சாப்பாடு, அவ்வளவுதான். விமான நிலையத்தில் தவறினால்?

வானத்தில் வழி தவறினால் ஆபத்து, தரையில் என்ன இருக்கிறது என்றுதான் பலரும் நினைப்போம். நெய்வேலியிலும் ஒரு சின்ன விமானத்தளம் உண்டு. அங்கே ஒரே ஓடுபாதை, குழப்பத்துக்கு அதிகம் இடமில்லை. பெரிய ஊர்களில் கதை வேறு. சென்னை மீனம்பாக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள், அவையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. விமானம் நிற்கிற இடத்திலிருந்து ஓடுபாதைக்குப் போகிற கிளை ரோடுகளுக்கு டாக்ஸிவே என்று பெயர். அவற்றுக்கு ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்துகளை வைப்பார்கள். ஐ, ஓ இரண்டும் கிடையாது, ஒன்று, பூஜ்ஜியம் என்று தெரிந்துவிடும். எக்ஸ் கிடையாது, அது 'மூடிய பாதை'க்கான குறி.

போர்டுகளுக்கும் நிற இலக்கணம் உண்டு. கறுப்பில் மஞ்சள் எழுத்து என்றால் 'நீ இங்கே இருக்கிறாய்'. மஞ்சளில் கறுப்பு என்றால் 'அந்தப் பாதை அந்தப் பக்கம்'. சிவப்பில் வெள்ளை என்றால் 'கேட்காமல் தாண்டாதே'. விமானியின் கையில் வரைபடமும் இருக்கும். மாற்றம் இருந்தால் அது 28 நாள் சுழற்சியில் புதுப்பித்து வரும்.

இவ்வளவு இருந்தும் ஏன் தப்பு நடக்கிறது?

2001 அக்டோபர் 8, இத்தாலியின் மிலான் நகரம், லினாட்டே விமான நிலையம். காலை நேரம், கடும் பனிமூட்டம். ஒரு குட்டி செஸ்னா ஜெட்டை ஆர்-5 வழியாகப் போகச் சொன்னார்கள். அது ஆர்-6ல் போய்விட்டது. வழியில் தரையில் 'எஸ்-4' என்று எழுதியிருந்தது. விமானி அதைப் படித்து, எஸ்-4ஐ நெருங்குகிறோம் என்று சொல்லவும் செய்தார். ஆனால் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவரின் வரைபடத்தில் எஸ்-4 என்ற ஒன்றே இல்லை! தரையில் இருக்கிற எழுத்து, தாளில் கிடையாது. தரை ரேடாரும் வேலை செய்யவில்லை. செஸ்னா ஓடுபாதைக்குள் நுழைய, அதே நேரத்தில் மேலெழும்ப ஓடி வந்த பெரிய விமானம் மோதியது. 118 பேர் இறந்தார்கள்.

இன்னொன்று 2000 அக்டோபர் 31, தைபே. சிங்கப்பூரிலிருந்து வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 747, லாஸ் ஏஞ்சலிஸ் கிளம்புகிறது. ராத்திரி பதினொன்றே கால், புயல் மழை. போகவேண்டியது இடது ஓடுபாதை. பக்கத்திலேயே வலது ஓடுபாதையின் ஒரு பகுதி வேலைக்காக மூடியிருந்தது. இது விமானிகளுக்கு முன்பே தெரியும். ஆனால் தரையில் பச்சை விளக்குகள் நெருக்கமாக வளைந்து போய்ச் சேர்ந்தது அந்த வலது பாதையில்தான். சரியான பாதைக்கு நேராகப் போகும் விளக்குகள் தள்ளித் தள்ளி இருந்தன. அதிலும் ஒன்று எரியவில்லை, ஒன்று மங்கல். நுழைவில் 'மூடியது' என்று குறியோ தடுப்போ இல்லை. விமானம் பச்சையைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. முழு வேகத்தில் போய் மோதியது கான்கிரீட் கட்டைகளிலும் எக்ஸ்கவேட்டர்களிலும். நெய்வேலிக்காரர்கள் தினம் பார்க்கிற எந்திரம்தான், ஓடுபாதையில் நின்றால் எமன். 179 பேரில் 83 பேர் இறந்தார்கள்.

விமானிகள் சரிபார்க்கவில்லை என்றது தைவான் விசாரணை. விளக்கும் குறியும் தரப்படி இல்லை என்றது சிங்கப்பூர் தரப்பு. இரண்டுமே உண்மைதான்.

நம் பக்கமும் தப்பவில்லை. 2018 செப்டம்பர் 7 அன்று திருவனந்தபுரத்திலிருந்து 136 பயணிகளோடு போன ஏர் இந்தியா விமானம், மாலேயில் இன்னும் கட்டி முடிக்காத ஓடுபாதையில் இறங்கிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லாதது புண்ணியம். 2024 பிப்ரவரியில் தில்லியில் இறங்கிய ஒரு விமானம் திரும்பவேண்டிய டாக்ஸிவேயைத் தவறவிட்டு ஓடுபாதையைக் கால்மணி நேரம் அடைத்துக்கொண்டு நின்றது.

பி.காம். மாணவர்களுக்கு இதைச் சொல்ல 'வங்கிச் சரிகட்டும் பட்டியல்' ஒன்றே போதும். ரொக்க ஏட்டில் ஒரு இருப்பு, பாஸ்புக்கில் வேறு இருப்பு. இரண்டும் பொய் இல்லை. ஆனால் உட்கார்ந்து வித்தியாசத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் செக் திரும்பி வரும். வரைபடம் ரொக்க ஏடு, தரை பாஸ்புக். மிலானில் எஸ்-4 ஒரு பக்கம் மட்டும் பதிவான பற்று. யாராவது ஒருவர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பாதையில் மெதுவாக ஒரு நடை போயிருந்தால் அது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அந்த நடையையும் வழி தெரிந்தவர் போய்ப் பிரயோஜனமில்லை. அவர் கால் தானாகவே சரியான பக்கம் திரும்பிவிடும். ஊருக்குப் புதியவர் போகவேண்டும், அதுவும் இருட்டில், மழையில். அவர் எங்கே தயங்கி நிற்கிறாரோ அங்கேதான் அடுத்த போர்டு வைக்கவேண்டும்.

நெய்வேலியில் யாராவது வண்டியை நிறுத்தி வழி கேட்டால், "போர்டுல இருக்கே" என்று சிரிப்பதற்கு முன்னால் அந்த போர்டு அவர் நிற்கிற இடத்திலிருந்து தெரிகிறதா என்று ஒரு தரம் எட்டிப் பார்க்கலாம். மரக்கிளை மறைத்துக்கொண்டிருக்கும்!