பதினேழாம் எண் வீடு

மாதா மாதம் மளிகைச் சிட்டை எழுதுகிறவரா நீங்கள்? அப்படியானால் நான் கல்லூரியில் நடத்தும் பாடத்தில் பாதி உங்களுக்கு முன்பே தெரியும்.

என் மாணவர்கள் வியாபார நிர்வாகம் படிக்கிறவர்கள். பாடத்தின் பெயர் 'டேட்டா மைனிங்'. அதாவது, கணக்குக் குவியலைத் தோண்டி விஷயம் எடுப்பது. வெல்லம் வாங்கிய 100 பேரில் 80 பேர் ஏலக்காயும் வாங்கினால் அது ஒரு விதி. (இத்தகைய விதிகளைக் கம்ப்யூட்டர் விரைவில் கண்டுபிடிக்க 1994-ல் வழி சொன்னவர்கள் ராகேஷ் அகர்வாலும், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும்.) வெல்லம் வாங்கியவர் உப்பும் வாங்கினார் என்றால் அது விதியல்ல, உப்பை யார்தான் வாங்கவில்லை?

புத்தகத்தில் எல்லாம் அமெரிக்கக் கடைகள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஆகவே தேவதானத்தில் பெரியப்பா நடத்தும் மளிகைக் கடையின் பற்று நோட்டை வாங்கி வந்தேன். தை முதல் ஆனி வரை, ஆறு மாதக் கணக்கு. பெயர்களை நீக்கி எண் போட்டுக் கொடுத்தேன். மகா சாமர்த்தியம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு!

ஒரு பையன் கணக்குப் போட்டு வந்து நின்றான்.

"மேடம், பதினேழாம் நம்பருக்கு இனிமேல் கடன் கொடுக்கக் கூடாது. ஆறு மாசத்தில் பாதிகூடக் கட்டவில்லை."

"சபாஷ்!" என்றேன்.

மணி அடித்தது. ஒருத்தி மட்டும் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"மேடம், பதினேழு எங்க வீடு."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. செவ்வாய்தோறும் அரைக் கிலோ கேழ்வரகு மாவு, கற்பூரம், பாட்டிக்கு மூக்குப்பொடி. மூன்றும் சேர்ந்தால் அந்த ஊரில் ஒரே வீடுதானாம்! அமெரிக்காவில் 2006-ல் ஏ.ஓ.எல். கம்பெனி, சுமார் 6,50,000 பேர் கம்ப்யூட்டரில் தேடிய வார்த்தைகளைப் பெயருக்குப் பதில் எண் போட்டு வெளியிட்டது. சில தினங்களுக்குள் 4417749 என்ற எண்ணுக்குரிய பெண்மணி இன்னார் என்று 'நியூயார்க் டைம்ஸ்' நிருபர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தக் கதையை வகுப்பில் வருஷா வருஷம் சொல்கிறவளே நான்தான்!

"அப்பாவுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. தீபாவளி போனஸ் வந்ததும் அம்மா மொத்தமாகக் கொடுத்துடுவாங்க, மேடம். ஒரு வருஷம்கூடத் தவறினதில்லை."

ஆனியோடு முடிந்த நோட்டில் ஐப்பசிக்கு எங்கே போவது? மறுநாள் எல்லோரிடமிருந்தும் காகிதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். தப்பு என்னுடையது என்று பையனிடமும் சொன்னேன். யார் வீடு என்று மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பெரியப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேசாமல் எழுந்து, பரணிலிருந்து போன ஐப்பசி நோட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினார். 'பூரா வரவு' என்று பென்சிலால் எழுதிக் கோடு போட்டிருந்தது. அதற்குக் கீழேயே, அடுத்த செவ்வாய்த் தேதியில், அரைக் கிலோ கேழ்வரகு மாவு.