சீரகத்தின் சுழி

மளிகை மொத்த வியாபாரத்துக்கான செயலியில் எத்தனை பக்கங்கள் இருந்தாலும் சில்லறைக் கடைக்காரருக்கு வேண்டியது ஒன்றுதான். பெயரை அடித்தால் சரக்கு வர வேண்டும். பட்டியலில் ஆயிரக்கணக்கான சரக்குகள் இருக்கும்போது மேலிருந்து கீழ்வரை விரலால் தள்ளிக்கொண்டே போக யாருக்கும் பொறுமை இருக்காது. ஒரு வாடிக்கையாளர் போய் அடுத்தவர் வருவதற்குள், கல்லாவில் நின்றபடியே ஆர்டர் போடுகிறவர்கள் அவர்கள். செயலியின் உயிர், திரையின் உச்சியில் இருக்கும் அந்தத் தேடல் பெட்டியில்தான் இருக்கிறது. எங்கள் தொழிலிலோ அது எல்லாம் முடிந்தபின் கடைசியாக, குழுவில் புதிதாகச் சேர்ந்தவரிடம் தரப்படும் சின்ன வேலை.

விருதுநகரில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் செயலியைப் பராமரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அதை எழுதிய குழு எப்போதோ கலைந்துவிட்டது. எனக்குக் கிடைத்தது நிரல் மட்டும்தான். கூடவே ஒரு புகாரும் வந்து சேர்ந்தது: 'சர்ச் வேலை செய்யவில்லை.' சர்வர் பதிவுகளைப் பார்த்தால், வந்த தேடலுக்கெல்லாம் சரியான விடை போயிருந்தது. எங்கள் போன்களிலும் குறை தெரியவில்லை. புகார் மட்டும் நிற்கவில்லை. கடைகளுக்கே போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

சாத்தூரில் ஒரு கடை. அண்ணாச்சிக்கு அறுபதைத் தாண்டிய வயது. போனில் எழுத்தின் அளவை உச்சத்தில் வைத்திருந்தார். சீரகம் வேண்டும் என்று அடித்தார், நிறுத்தினார், அழித்தார், மறுபடி அடித்தார், மறுபடி அழித்தார்.

"என்ன அண்ணாச்சி, ஏன் அழிக்கிறீங்க?"

"நீயே பாரு தம்பி. நான் சீரகம்னுதான் அடிக்கேன். இது சிரகம்னு காட்டுது. தப்பா அடிச்சா தப்பா சரக்கு வந்துரும்லா?"

பெட்டியைக் குனிந்து பார்த்தேன். 'சீ'யின் மேல் இருக்க வேண்டிய சுழி பெட்டியின் மேல்விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தது. சுழி போனால் மிஞ்சுவது 'சி'. ஈற்றில் இருந்த 'ம்'மின் புள்ளியும் இல்லை. உப்பு என்று அடிக்கச் சொன்னேன்; 'உபபு' என்று தெரிந்தது. மஞ்சள் 'மஞசள' ஆனது. அவர் அடித்தது அத்தனையும் சரி. திரைதான் அவர் அடித்ததைத் தவறாகத் திருப்பிக் காட்டியது. அவர் தன் விரலைச் சந்தேகப்பட்டுக்கொண்டு, தேடல் பொத்தானை அழுத்தாமலே விட்டுவிடுகிறார். அழுத்தாத தேடல் சர்வரில் எப்படிப் பதிவாகும்?

இதன் காரணம் கணக்கில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் பெட்டியின் உயரம், அகலம், இடைவெளி இவற்றை டிபி என்ற அலகில் சொல்வோம். எழுத்தின் அளவை எஸ்பி என்ற அலகில் சொல்வோம். டிபி, திரையின் அடர்த்தியை மட்டும் பார்க்கும். எஸ்பி அதோடு, போனின் சொந்தக்காரர் வைத்திருக்கும் எழுத்தளவையும் பார்த்துக் கூடும், குறையும். இந்தச் செயலியில் பெட்டிக்கு 40 டிபி உயரம் என்று அடித்துவைத்திருந்தார்கள். மேலே 8, கீழே 8 உள்ளிடைவெளி. எழுத்துக்கு மீதி 24. எழுத்தளவு 16 எஸ்பி. வழக்கமான அளவில் எப்படியோ ஒட்டிப்பிடித்து நிற்கும். போனில் 130 சதவீதம் வைத்தாலே 16 என்பது 21-ஐத் தொட்டுவிடும். அதற்கு மேல் சுழிக்கும் புள்ளிக்கும், கீழே 'பு', 'சு' இறங்கும் காலுக்கும் இடம் வேண்டுமே! 24-க்குள் அது அடங்காது. 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14, எழுத்தை 200 சதவீதம்வரை பெரிதாக்க இடம் கொடுத்திருக்கிறது. அங்கே 40 டிபி பெட்டியில் எழுத்தின் நடுப்பகுதி மட்டும்தான் தெரியும்.

ஆங்கிலத்தில் இதே பெட்டி தாக்குப்பிடிக்கும். ஆங்கிலச் சிறிய எழுத்தின் தலையில் சிறிது போனாலும் சொல்லை வாசித்துவிடலாம். தமிழில் எழுத்தின் அடையாளமே உச்சியில்தான் இருக்கிறது. மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்பதை அங்கேதான் கண் தேடுகிறது. அதனால் 'டைப்' என்று ஆங்கிலத்தில் நாலெழுத்து அடித்துச் சோதித்துவிட்டு ஒப்படைக்கும் செயலி, தமிழ் வாசகரிடம் போகும்போது வேறு செயலியாகிவிடுகிறது.

கூடவே இன்னொரு பழக்கமும் இருந்தது. எழுத்து பெட்டியின் நட்டநடுவில் நிற்க வேண்டும் என்பதற்காக, எழுத்துருவின் மேலும் கீழும் ஆண்ட்ராய்டு தானாக விடும் கூடுதல் இடத்தை ஒரு வரியில் அணைத்துவைத்திருந்தார்கள். 'இன்க்ளூட் ஃபான்ட் பேடிங்' என்ற அமைப்பு அது. வடிவமைப்பாளரின் படத்தில் இருப்பதுபோல் அச்சாக வர வேண்டும் என்று பலரும் செய்வது. உயரம் குறைந்த எழுத்துகளுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. மேலும் கீழும் குறிகள் தாங்கும் எழுத்துகளுக்கு அந்த இடம்தான் மூச்சு.

திருத்தம் நான்கைந்து வரிகள்தான். பெட்டிக்கு நிலையான உயரம் கொடுக்காமல், உள்ளே இருக்கும் எழுத்துக்கு ஏற்ப வளரவிட்டேன். குறைந்தபட்சம் 48 டிபி இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அணைத்திருந்த இடத்தைத் திறந்துவிட்டேன். பெட்டி பெரிதானால் மேல்பட்டையும் சேர்ந்து வளருகிற மாதிரி அதன் உயரத்தையும் தளர்த்தினேன். இதைச் செய்தபோது வடிவமைப்பாளர் தரப்பிலிருந்து, பெட்டி தடித்துப்போய் அழகு கெடுகிறது என்று ஆட்சேபம் வந்தது. என் தீர்ப்பு அன்றும் இன்றும் ஒன்றுதான். அறுபது வயதுக்காரர் கண்ணுக்காக எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார் என்றால், அது அவர் தன் போனில் எடுத்த முடிவு. அதை மதிக்காத அழகு எனக்கு வேண்டாம்.

அதே பயணத்தில் கடைகடையாக உட்கார்ந்து பார்த்ததில் மற்ற கோளாறுகளும் வெளியே வந்தன. அருப்புக்கோட்டையில் ஒரு கடையில், இல்லாத சரக்கைத் தேடினால் திரை வெறுமையாக நின்றது. 'இந்தப் பொருள் இல்லை' என்ற அறிவிப்பு நிரலில் இருக்கத்தான் செய்தது. அதைத் திரையின் நடுவில் வைத்திருந்தார்கள். சின்ன போனில், கீபோர்டு எழும்பி நிற்கும்போது அந்த நடு, கீபோர்டுக்குப் பின்னால் போய்விடுகிறது. கடைக்காரருக்குத் தெரிவது வெள்ளைத் திரை. 'வேலை செய்யவில்லை' என்று அவர் சொன்னதில் என்ன தவறு? விடைகள் வந்தாலும் பட்டியலின் கடைசிச் சில வரிகள் கீபோர்டின் அடியிலேயே கிடந்தன. எவ்வளவு தள்ளினாலும் மேலே வரவில்லை.

கீபோர்டு வரும்போது திரை என்ன செய்ய வேண்டும் என்பதை ஆண்ட்ராய்டிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். திரையை அப்படியே மேலே நகர்த்து என்று சொல்வது ஒன்று. மிச்சமிருக்கும் இடத்துக்குத் திரையைச் சுருக்கு என்று சொல்வது இன்னொன்று. தேடல் பக்கத்துக்கு இரண்டாவதுதான் பொருந்தும். இங்கே முதலாவது இருந்தது. மாற்றியதும் நடு என்பது கீபோர்டுக்கு மேலே தெரியும் இடத்தின் நடுவாயிற்று; அறிவிப்பு கண்ணில் பட்டது. இப்போது இதிலும் ஒரு படி கூடியிருக்கிறது. 2024-இல் வந்த ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காக வைத்துக் கட்டும் செயலிகள், திரையின் விளிம்பிலிருந்து விளிம்புவரை வரைந்தாக வேண்டும் என்பது கட்டாயம். மேலே நேரம் காட்டும் பட்டைக்கும் கீழே கீபோர்டுக்கும் எவ்வளவு இடம் விடுவது என்பதைச் செயலியே கேட்டு வாங்கி ஒதுக்க வேண்டும். கேட்காமல் விட்டால் தேடல் பெட்டி கேமரா ஓட்டைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். கீபோர்டின் உயரத்தையும் மனக்கணக்காக ஒரு எண்ணில் எழுதிவிடக் கூடாது. ஆளுக்கு ஒரு கீபோர்டு வைத்திருக்கிறார்கள். அதன் உயரத்தை அவரவர் வசதிக்குக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறார்கள்.

அகலத்தில் இருந்த சிக்கல் சீக்கிரம் தீர்ந்தது. ஆண்ட்ராய்டு தரும் தேடல் பெட்டியை மேல்பட்டைக்குள் வைத்தால், அது பட்டை முழுவதும் விரியாமல் ஓரிடத்தில் நின்றுவிடும். அதிகபட்ச அகலத்துக்கு வரம்பில்லை என்று சொன்னால் விரிந்துவிடும். ஆனால் பெட்டி விரிந்த பிறகும், உள்ளே மங்கலாகத் தெரியும் குறிப்பு 'நீங்கள் விரும்பும் பொ...' என்று பாதியில் நின்றது. முழு வாசகம்: 'நீங்கள் விரும்பும் பொருளின் பெயரை இங்கே உள்ளிடவும்'. ஆங்கிலத்தில் யாரோ எழுதியதை அப்படியே மாற்றியிருக்கிறார்கள். 'பொருள் பெயர்' என்று இரண்டே சொல்லாக்கினேன். எந்தப் போனிலும் முழுசாகத் தெரிகிறது. பெட்டிக்குள் வைக்கும் வாசகத்தை எழுதுவதும் அந்தப் பெட்டியின் அமைப்பு வேலைதான் என்று நினைக்கிறேன். அதை மொழிபெயர்ப்பவரிடம் ஒரு எக்செல் தாளில் அனுப்பிவிட்டுக் கைகழுவக் கூடாது.

பெட்டியின் வலது ஓரத்தில் மைக், அழிக்கும் பெருக்கல் குறி, பார்கோடு கேமரா என மூன்று பொத்தான்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. பேசித் தேடலாம் என்று மைக்கைத் தொடப்போனவரின் விரல், பெருக்கல் குறியில் பட்டு அடித்ததெல்லாம் அழிந்துபோகும். தொடும் இடம் 44 பாயின்டுக்குக் குறையக் கூடாது என்று ஆப்பிளும், 48 டிபிக்குக் குறையக் கூடாது என்று கூகுளும் சொல்கின்றன. எண்ணெய் அளந்த கையோடு போனைத் தொடுகிறவருக்கு அதுவே குறைவு. கேமராவைப் பெட்டிக்கு வெளியே கொண்டுபோனேன். அடிக்கத் தொடங்கினால் மைக் மறைந்து, அந்த இடத்துக்குப் பெருக்கல் குறி வரும்படி செய்தேன். ஒரு பெட்டிக்குள் ஒரு நேரத்தில் ஒரே பொத்தான்.

ஐபோனில் வேறு கதை. கடைக்காரர்களில் ஐபோன் வைத்திருப்பவர்கள் கொஞ்சம்தான். ஆனால் அந்த நிரலில்தான் எனக்கு ஆழமான பாடம் கிடைத்தது. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்தபோது, தலைப்பு இருக்கும் இடத்தில் தேடல் பெட்டியை வைத்திருந்த செயலிகளில் மேல்பட்டை 44 பாயின்டிலிருந்து 56-ஆக உயர்ந்தது. அடுத்த பக்கத்துக்குப் போனால் பட்டைக்குக் கீழே கறுப்பாக ஒரு இடைவெளி எட்டிப்பார்க்கும். அந்த ஆண்டே ஆப்பிள் சரியான வழியையும் கொடுத்துவிட்டது. பெட்டியைத் தலைப்பில் திணிக்காமல், மேல்பட்டையிடமே தேடல் கட்டுப்பாட்டை ஒப்படைத்தால் உயரத்தை அது பார்த்துக்கொள்ளும். பழைய குழு அதைச் செய்யவில்லை. பெட்டியின் உயரத்தையும் நிறத்தையும் மாற்றுவதற்காக, ஆப்பிள் வெளியே காட்டாத உட்பாகங்களைப் பெயர் சொல்லித் தோண்டி எடுத்து, எண்களை மாற்றியிருந்தார்கள். 2019-இல் ஐஓஎஸ் 13 வந்தது. உள்ளே இருக்கும் அந்த எழுத்துப் பெட்டியைப் பெயர் சொல்லித் தொடுவது அதில் தடைசெய்யப்பட்டது. புதிய கருவித்தொகுப்பைக் கொண்டு செயலியை மறுபடி கட்டினால், தேடல் பக்கத்தைத் திறந்ததும் செயலி விழுந்துவிடும். அதனால் பயந்துகொண்டு பழைய தொகுப்பிலேயே ஓட்டியிருக்கிறார்கள். இத்தனைக்கும் அதே ஐஓஎஸ் 13, அந்த எழுத்துப் பெட்டியை முறைப்படி தொடுவதற்கு வழி திறந்துவிட்டிருந்தது. தோண்டிய வரிகளையெல்லாம் நீக்கி, முறையான வழிக்கு மாற்றினேன். நிரல் பாதியாகச் சுருங்கியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேடி, ஒரு சரக்கைத் தொட்டு உள்ளே போனால், தேடல் பெட்டியும் கூடவே வந்து அடுத்த பக்கத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஐபோன் நிரல் எழுதுகிறவர்கள் பலரும் இதைப் பார்த்திருப்பார்கள். தேடல் எந்தப் பக்கத்துக்கு உரியது என்பதை அந்தப் பக்கம் 'இது என் எல்லைக்குள்' என்று அறிவிக்க வேண்டும். அதற்கு ஒரே வரி. அந்த வரியைப் போடாமல், பக்கம் மாறும்போதெல்லாம் பெட்டியை மறைத்துத் திரும்பக் காட்டுகிற வேலையை நாலு இடத்தில் எழுதியிருந்தார்கள்.

ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கோளாறுகளின் வேர் ஒன்றாகவே இருந்தது. எழுதியவர் தன் மேசையில் இருந்த போனைப் பார்த்து ஒரு எண்ணைப் போட்டுவிட்டார். பெட்டியின் உயரம், கீபோர்டின் உயரம், பட்டையின் உயரம் எதுவும் நிரல் எழுதுகிறவருக்குச் சொந்தமில்லை. பாதியைப் போனின் அமைப்பு தீர்மானிக்கிறது, மீதியைப் போன் வைத்திருப்பவர் தீர்மானிக்கிறார். அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டியதை நாம் எண்ணாக எழுதிவைத்தால், அடுத்த பதிப்பு வரும்போது அல்லது அடுத்த கண்ணாடி மாற்றும் வயது வரும்போது அது பிசகும்.

இப்போது எந்தச் செயலியைக் கையில் எடுத்தாலும் முதலில் போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றுகிறேன். எழுத்தளவை உச்சத்துக்குத் தள்ளுகிறேன். தேடல் பெட்டியில் சீரகம், உப்பு, பருப்பு, மிளகாய்த்தூள், 'ஸ்ரீ' என்று தொடங்கும் ஏதாவதொரு பிராண்டின் பெயர் இவற்றை அடித்துப் பார்க்கிறேன். கீபோர்டு எழும்பி நிற்கும்போதே கடைசி விடைவரை தள்ளிப் பார்க்கிறேன். போனைப் படுக்கவைத்தும் பார்க்கிறேன். வடிவமைப்பாளரிடம், படத்தில் ஆங்கிலச் சொல்லை வைக்காமல் இந்தச் சொற்களையே வைத்து வரையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வரையும்போதே சுழிக்கு இடம் விட்டால், பிறகு சண்டை இல்லை.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. தமிழ் உள்ளிட்ட சில மொழிகளுக்கு, பெட்டிக்குள் அடங்குவதற்காகவே உயரம் குறைத்த நெருக்கமான எழுத்துருவை ஆண்ட்ராய்டு இத்தனை காலம் வைத்திருந்தது. அதனால்தான் தவறான பெட்டிகள் பலவும் தப்பித்துவந்தன. ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காக வைத்த செயலிகளில், முழு உயரமுள்ள, வாசிக்க இதமான எழுத்துரு இயல்பாகவே வருகிறது. பழையதே வேண்டும் என்று அணைத்துவைக்கும் வசதி அதில் மிச்சமிருந்தது. 2025-இல் வந்த ஆண்ட்ராய்டு 16-ஐ இலக்காக்கினால் அந்த வசதியும் கிடையாது. அணைத்தாலும் அமைப்பு அதைப் பொருட்படுத்தாது. தமிழ் எழுத்துக்கு இது நல்ல செய்தி. நிலையான உயரத்தில் பெட்டி வைத்திருக்கும் செயலிகளுக்கோ, வெட்டு இனிமேல்தான் கண்ணுக்குத் தெரியப்போகிறது.

செயலி எழுதும் நண்பர்களே, உங்கள் தேடல் பெட்டியில் இன்றைக்கே சீரகம் என்று அடித்துப் பாருங்கள். பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எழுத்து வெட்டுப்பட்டுத் தெரிந்தால் உங்கள் கண்ணையோ விரலையோ சந்தேகப்படாதீர்கள். திரையைப் படமெடுத்து, எழுத்தளவு என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதையும் குறிப்பிட்டு, செயலி நடத்துகிறவர்களுக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்தால் எங்களுக்குப் புரிந்துவிடும்.